பட்டறையில் பிறந்த சொற்கள்: அசைவூட்டப் படங்களின் 'மேக்கிங்' காட்சிகளும் ஆங்கிலச் சொற்கல்வியும்

ஒரு தொழிலுக்குரிய சொற்களை அத்தொழில் நடக்கும் இடத்தைக் காட்டியே கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் திரைப்படத்தைவிட இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது. மொராவியாவில் பிறந்த கல்வியாளர் யோஹான் ஆமோஸ் கொமேனியஸ் 1658-இல் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்', அதாவது புலன்களுக்கு எட்டும் உலகத்தின் படநூல், மாணவர்களுக்கு லத்தீன் மொழியைக் கொல்லன் உலை, தையற்காரர் மேசை, அச்சுக்கூடம், நூல்கட்டும் பட்டறை ஆகியவற்றின் வழியே கற்பித்தது. ஒவ்வொரு படத்திலும் கருவிகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. கீழே அதே எண்களைத் தாங்கிய சிறு வாக்கியங்கள் அக்கருவி என்ன செய்கிறது என்பதை இரு மொழிகளில் சொல்லின. அடுத்த ஆண்டே சார்லஸ் ஹூல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். சம்மட்டி என்ற சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யும் மாணவனுக்கும், சம்மட்டி ஓங்கப்படுவதையும் இரும்பு தட்டையாவதையும் ஒரே படத்தில் காணும் மாணவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து கொமேனியஸ் தம் நூலை அமைத்திருந்தார்.

அந்த முறை இருபதாம் நூற்றாண்டில் எவரும் திட்டமிடாமலேயே புத்துயிர் பெற்ற இடங்களில் ஒன்று அமெரிக்க அசைவூட்டப் பட ஸ்டூடியோ ஆகும். ஒரு படம் எப்படி உருவானது என்பதை விளக்கும் துணைப்படத்தைத் தமிழ்த் திரையுலகம் 'மேக்கிங்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கிறது. நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் படத்தின் மேக்கிங்கில் முகமும் மரமும் தெருவும் முன்பே உலகில் இருப்பவை. அவற்றுக்குப் புதிதாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அசைவூட்டப் படத்திலோ ஒரு இமை மூடுவதுகூட யாரோ ஒருவர் முடிவுசெய்து, வரைந்து, எண்ணிட்டு, படம்பிடித்ததன் விளைவு என்பதால், அந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்பெயர்களில் பெரும்பாலானவை புதிதாக ஆக்கப்பட்டவை அல்ல. வீட்டிலும் நாடக மேடையிலும் கப்பலிலும் குதிரைப் பந்தயத்திலும் புழங்கிய எளிய சொற்களே ஸ்டூடியோவில் புது வேலைக்கு அமர்த்தப்பட்டன. ஆகவே அவற்றைக் கற்பவர் கடினமான சொற்களைக் கற்பதில்லை. தமக்கு முன்பே தெரிந்த சொற்கள் இடத்துக்கேற்பப் பொருள் மாறுவதைக் கற்கிறார்.

மையும் காகிதமும்

அசைவூட்டப் படம் பிறக்கும்போதே தன் மேக்கிங்கையும் உடன் கொண்டே பிறந்தது எனலாம். நாளிதழ் ஓவியர் வின்சர் மக்கே 1911-இல் வெளியிட்ட 'லிட்டில் நீமோ' படத்தின் பெரும்பகுதி, ஓவியங்களை அசையவைக்க முடியும் என்று அவர் நண்பர்களிடம் பந்தயம் கட்டுவதையும், பீப்பாய் பீப்பாயாக மையும் கட்டுக் கட்டாகக் காகிதமும் வந்து இறங்குவதையும், 4,000 ஓவியங்கள் குவிவதையும் காட்டுகிறது. ஓவியங்கள் உண்மையில் அசையும் பகுதி இறுதியில் சில நிமிடங்களே. மாயத்தைக் காட்டுவதற்கு முன் அதற்குப் பட்ட பாட்டைக் காட்ட வேண்டும் என்ற இந்த வரிசை பின்னர் வந்த மேக்கிங் படங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று. மேக்ஸ் ஃபிளைஷர் தயாரித்த 'அவுட் ஆஃப் தி இங்க்வெல்' வரிசைப் படங்களில் ஓவியரின் கையும் பேனாவும் மைக்கூடும் கதைமாந்தர்களாகவே இடம்பெற்றன; கோமாளி மைக்கூட்டிலிருந்து வெளிவந்து, கதை முடிந்ததும் அதற்குள்ளேயே திரும்பினான்.

இத்தொழிலின் இரண்டு பொதுப்பெயர்களும் அவற்றின் முன்வரலாற்றோடு சேர்த்து அறியத்தக்கவை. 'கார்ட்டூன்' என்பது தடித்த காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சுவரோவியம் தீட்டுமுன் அதே அளவில் காகிதத்தில் வரைந்துகொள்ளும் முன்வரைவுக்கு அது பெயராக இருந்தது. 1843-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடச் சுவரோவியங்களுக்கான முன்வரைவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 'பஞ்ச்' இதழ் தன் கேலி ஓவியத்துக்கும் அதே பெயரைச் சூட்டி ஏளனம் செய்தது. ஏளனமே நிலைத்த பொருளாகிவிட்டது. 'அனிமேஷன்' என்பது மூச்சையும் உயிரையும் குறிக்கும் 'அனிமா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழ்க் கலைச்சொல்லாகிய அசைவூட்டம் இயக்கத்தை முன்னிறுத்த, ஆங்கிலச் சொல் உயிரை முன்னிறுத்துகிறது. ஓவியம் அசைந்தால் போதாது, அது எண்ணுவதாகவும் தோன்ற வேண்டும் என்று பின்னாளைய ஸ்டூடியோக்கள் வலியுறுத்தியபோது, அவை இச்சொல்லின் மூலப்பொருளுக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

வேலைப்பிரிவும் சொற்பிரிவும்

மக்கே ஒவ்வொரு ஓவியத்திலும் பின்னணியையும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. 1914-இல் ஏர்ல் ஹர்ட் உரிமம் கோரிய முறை இச்சுமையை நீக்கியது. அசையும் உருவத்தை மட்டும் ஒளிபுகும் செல்லுலாய்டு தாளில் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிப்பதே அம்முறை. செல்லுலாய்டு என்ற நீண்ட பெயர் பட்டறையில் 'செல்' என்று குறுகியது. உடற்கூற்றில் உயிரணுவையும் சிறையில் அறையையும் குறிக்கும் 'செல்' ஒலிப்பிலும் வேரிலும் ஒன்றாயினும், எழுத்தில் வேறானது. தாள்கள் நகராதிருக்க அவற்றில் துளையிட்டு மாட்டும் முளைகளுக்கு 'பெக்' என்று பெயர். துணி மாட்டும் முளைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

செல் முறை வேலையைப் பலருக்குப் பகிர்ந்தளித்தது, வேலை பிரிந்தபோது சொற்களும் பெருகின. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் தலைமை ஓவியர் வரைவார். அவற்றுக்குப் பெயர் 'கீ', அதாவது திறவுகோல் போன்ற ஓவியங்கள். அவற்றுக்கு இடைப்பட்டவற்றை உதவியாளர் நிரப்புவார். ஆங்கில இலக்கணம் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு இந்த உதவியாளரின் பணிப்பெயர் நல்ல சான்று. 'இன் பிட்வீன்' என்பது 'இடையில்' என்று பொருள்படும் சொற்றொடர். ஸ்டூடியோவில் அது ஒட்டிக்கொண்டு 'இடை ஓவியம்' என்ற பெயர்ச்சொல்லாகி, பின் 'இடை ஓவியம் வரை' என்ற வினையாகி, 'இன்பிட்வீனர்' என்ற ஆட்பெயராகவும் ஆனது. விகுதி சேர்க்காமலேயே ஒரு சொல் பெயராகவும் வினையாகவும் மாறும் இப்பண்பு தமிழ்வழியில் ஆங்கிலம் கற்போரைப் பெரிதும் குழப்புவது. விதியாகப் படிக்கும்போது புரியாதது, ஒரு பணியாளர் தாளைப் புரட்டிப் புரட்டி வரைவதைக் காணும்போது தானாக விளங்குகிறது.

திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் அது 'ஆன் ஒன்ஸ்'; ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தி நொடிக்கு 12 ஓவியங்களோடு நிறுத்திக்கொண்டால் அது 'ஆன் டூஸ்'. எண்ணுப்பெயர்களே இங்குப் பன்மை விகுதி ஏற்றுப் பெயர்ச்சொற்களாக நிற்கின்றன. எந்த ஓவியம் எந்தச் சட்டகத்தில் வரும், உரையாடலின் எந்த ஒலி எங்கே விழும் என்று வரிசையாகக் குறிக்கும் தாளுக்கு 'டோப் ஷீட்' என்று பெயர். குழம்பைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த 'டோப்' போதைப்பொருளையும் குறித்தது. கொச்சைமொழியில் உள்தகவலையும் குறித்தது. குதிரைப் பந்தயக் குறிப்புத்தாளுக்கு இருந்த பெயரே ஓவியரின் கணக்குத்தாளுக்கும் வந்து சேர்ந்தது.

1930-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹைப்பீரியன் சாலையில் இயங்கிய வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் இச்சொற்களஞ்சியம் விரைந்து வளர்ந்தது. கதையை எழுதிப் படிப்பதற்குப் பதில் சிறு ஓவியங்களாக வரைந்து பலகையில் குத்திவைக்கும் 'ஸ்டோரிபோர்டு' முறை, கதைப்பிரிவைச் சேர்ந்த வெப் ஸ்மித்தின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. 1932 முதல் ஷுனார்ட் கலைப்பள்ளியின் ஆசிரியர் டான் கிரஹாம் ஓவியர்களுக்கு வகுப்பு நடத்தினார். உடலின் அசைவைப் பகுத்தாயும் அந்த வகுப்புகளில்தான் பல சொற்கள் துல்லியமான பொருள் பெற்றன. முடிவுறாத பென்சில் ஓவியங்களைப் படம்பிடித்துப் போட்டுப் பார்த்து டிஸ்னி குறை சொல்லும் சிற்றறைக்கு 'ஸ்வெட்பாக்ஸ்', அதாவது வியர்வைப் பெட்டி என்று பெயர். காற்றோட்டமற்ற அந்த அறையின் வெம்மையே பெயருக்குக் காரணம். காத்திருக்கும் ஓவியரின் அச்சமும் அதில் கலந்திருந்தது. பின்னர் பர்பாங்கில் குளிர்பதன வசதியுடன் புது ஸ்டூடியோ எழுந்தபோது வெம்மை போயிற்று, பெயர் போகவில்லை.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால் 'பிரேக்டவுன்' என்று சொல்லத் தமிழ்நாட்டில் எவருக்கும் ஆங்கிலப் படிப்பு தேவையில்லை. செலவுக் கணக்கைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டுவதற்கும் அதே சொல் உண்டு. அசைவூட்டத்தில் அது இரண்டு திறவு ஓவியங்களுக்கு நடுவே, அசைவு எந்த வழியாகச் செல்லும் என்று தீர்மானிக்கும் ஓவியத்தைக் குறிக்கிறது. ஒருவர் தலையை இடமிருந்து வலமாகத் திருப்புகிறார் என்று கொண்டால், நடு ஓவியத்தில் முகம் நேராகவே இருந்தால் அது பொம்மையின் திருப்பம். நடு ஓவியத்தில் முகவாய் சற்றுத் தாழ்ந்து இமை பாதி மூடியிருந்தால் அது யோசித்துத் திரும்பும் மனிதரின் திருப்பம். தொடக்கமும் முடிவும் மாறாதபோதே நடுவிலுள்ள ஒரே ஓவியம் குணத்தை மாற்றிவிடுகிறது. இதை ஒருமுறை திரையில் கண்டவர், அச்சொல்லின் உள்ளே 'கூறாகப் பிரித்தல்' என்ற கருத்து மூன்று பொருள்களுக்கும் பொதுவாக இருப்பதை எளிதில் உணர்வார்.

டிஸ்னியின் மூத்த ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' என்ற நூல், அந்த ஸ்டூடியோவில் வாய்மொழியாக வழங்கிய விதிகளை 12 கோட்பாடுகளாகத் தொகுத்தது. அவற்றில் முதலாவது 'ஸ்குவாஷ் அண்டு ஸ்ட்ரெச்', அதாவது நசுங்கலும் நீளலும். பாதி நிரம்பிய மாவு மூட்டை இதற்குரிய பயிற்சிப்பொருள். கீழே விழும் மூட்டை நசுங்கிப் பக்கவாட்டில் அகலும், மேலே இழுக்கப்படும்போது மெலிந்து நீளும்; ஆனால் உள்ளிருக்கும் மாவின் அளவு எப்போதும் மாறக்கூடாது, மாறினால் மூட்டை காற்றடைத்த பையாகத் தோன்றும். பழச்சாற்றுப் புட்டியிலும் சுவர்ப்பந்து விளையாட்டிலும் தமிழர் அறிந்த 'ஸ்குவாஷ்' இந்த நசுக்கல் வினையின் கிளைகளே. பூசணி வகையைக் குறிக்கும் 'ஸ்குவாஷ்' மட்டும் வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்த வேற்றுச்சொல்.

நூலின் மற்றக் கோட்பாடுகளிலும் இதே இயல்பு காணப்படுகிறது. எதிர்பார்ப்பு என்று பொருள்படும் 'ஆன்டிசிபேஷன்' இங்கு மனநிலையன்று, உடல்நிலை. தாவப்போகும் உருவம் முதலில் பின்வாங்கிக் குனிவதே அது. 'முன்பே பற்றுதல்' என்ற லத்தீன் மூலப்பொருள் அந்தக் குனிவில் கண்ணுக்குத் தெரிகிறது. நீதிமன்றத்தில் மேல்முறையீடாகவும் கிரிக்கெட் திடலில் கூச்சலாகவும் அறியப்பட்ட 'அப்பீல்', இங்கு ஓர் உருவம் பார்வையாளரைத் தன்பால் ஈர்க்கும் பண்பு. அது அழகைக் குறிப்பதன்று. கொடிய பாத்திரத்துக்கும் அது வேண்டும் என்பதே ஓவியர்கள் வற்புறுத்திய கருத்து. மூன்று பொருள்களிலும் ஒருவர் மற்றவரை நோக்கி அழைக்கிறார் என்ற இழை தொடர்கிறது.

பட்டறை மேடையேறியது

இச்சொற்களைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுசென்ற முதல் பெரும்படம் 1941-இல் வந்த 'தி ரிலக்டன்ட் டிராகன்'. நகைச்சுவை எழுத்தாளர் ராபர்ட் பெஞ்ச்லி ஒரு கதையை விற்பதற்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கு வந்து, வழிகாட்டியிடமிருந்து நழுவி, ஓவிய வகுப்பு, ஒலிப்பதிவுக் கூடம், வண்ணம் குழைக்கும் அறை, சிறு உருவச்சிலைகள் செய்யும் அறை என்று துறை துறையாக அலைகிறார். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் படம் அவர் கேமரா அறைக்குள் நுழைந்ததும் வண்ணத்துக்கு மாறுகிறது. 'பேபி வீம்ஸ்' என்ற கதை கதைப்பலகை ஓவியங்களாகவே பெரும்பாலும் சொல்லப்படுவதால், ஸ்டோரிபோர்டு என்றால் என்ன என்பதற்குத் தனி விளக்கம் தேவையற்றுப்போகிறது. பெஞ்ச்லி எதுவும் அறியாதவராகக் கேட்கிறார், பணியாளர் கருவியைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்கிறார். கொமேனியஸின் எண்ணிட்ட படம் இங்கு வினாவும் விடையுமாகப் பேசுகிறது.

1954 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'டிஸ்னிலேண்டு' நிகழ்ச்சி இதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. 1955-இல் அசைவூட்டத்தின் வரலாறும், 1956-இல் 'தி பிளாசிபிள் இம்பாசிபிள்' என்ற பகுதியும், 1957-இல் 'டிரிக்ஸ் ஆஃப் அவர் டிரேடு' என்ற பகுதியும் ஒளிபரப்பாயின. 'நம்பத்தக்க இயலாமை' என்று பொருள்படும் இரண்டாவது தலைப்பு, 'பிளாசிபிள்' என்ற சொல்லை அதன் எதிரியோடு ஒரே இருக்கையில் உட்காரவைத்துக் கற்பித்தது. கைதட்டலைக் குறிக்கும் லத்தீன் வினையே அச்சொல்லின் வேர். இந்நிகழ்ச்சிகளின் மொழி முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்தது. வாக்கியங்கள் முழுமையானவை, உச்சரிப்பு நிதானமானது. கற்போருக்கு அது வசதி. ஆனால் பட்டறையில் எவரும் அவ்வாறு பேசுவதில்லை.

உண்மையான பட்டறைப் பேச்சு பார்வையாளரை எட்டியது வட்டுகள் வந்த பின்னரே. 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங்காங்' படத்தின் லேசர் வட்டில், படம் ஓடும்போதே ஒருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும் விளக்கவுரைத் தடத்தைச் சேர்த்தது. 1991-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் 'பியூட்டி அண்டு தி பீஸ்ட்' முடிவுறாத நிலையிலேயே, கதைப்பலகையும் பென்சில் ஓவியமும் இடையிடையே தெரியத் திரையிடப்பட்டது. பின்னர் 'ஒர்க் இன் புரோகிரஸ்' என்ற பெயரோடு லேசர் வட்டாகவும் வந்தது. சாலைப்பணிப் பலகைகளில் காணும் தொடரை ஒத்த ஒரு தொடர், கலைப்படைப்பின் பெயராகும் காலமாக அது இருந்தது. 1997-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவிடி, 8 ஒலித்தடங்களுக்கும் 32 எழுத்துத்தடங்களுக்கும் இடமளித்தது. ஓவியர் பாதியில் நிறுத்தும் வாக்கியத்தை நிறுத்திக் கேட்கவும், எழுத்தில் படிக்கவும், அவர் சுட்டும் சட்டகத்தை அசையாமல் நிறுத்திப் பார்க்கவும் ஒரே பொத்தான் போதுமானதாயிற்று. பிற்கால மொழிப்பயிற்சிக் கருவிகள் விரும்பிய ஒலி, எழுத்து, பொருள் ஆகிய மூன்றின் கூட்டு, இங்குப் பொழுதுபோக்கின் துணைப்பொருளாகவே கிடைத்தது.

1995-இல் 'டாய் ஸ்டோரி' வெளியான பின் கணிப்பொறிச் சொற்கள் வரிசையில் சேர்ந்தன. அவையும் பழைய சொற்களே. உருவத்தின் உள்ளே எலும்பும் இழுவிசையும் அமைப்பதைக் குறிக்கும் 'ரிக்' பாய்மரக் கப்பலின் கயிற்றமைப்பிலிருந்து வந்தது. கயிற்றை இழுத்தால் பாய் திரும்புவது போலவே, கட்டுப்பாட்டுப் புள்ளியை இழுத்தால் முழங்கை மடங்குகிறது. 'ரெண்டர்' என்பதன் மூலப்பொருள் திருப்பித் தருதல். இட்ட கட்டளைகளை ஏற்று ஒளியும் நிழலுமான படமாகக் கணிப்பொறி திருப்பித் தருகிறது. 2015-இல் இணையவழிக் கல்வி அமைப்பான கான் அகாடமியோடு சேர்ந்து, 'டாய் ஸ்டோரி'யை உருவாக்கிய பிக்சார் தொடங்கிய 'பிக்சார் இன் எ பாக்ஸ்' பாடங்கள் மேக்கிங்கை வெளிப்படையாகவே பாடமாக்கின. கணிதத்துக்காகத் தொடங்கப்பட்ட அவற்றை மொழிக்காகவும் பயன்படுத்தலாம்.

இந்தியாவுக்கு இச்சொற்கள் திரை வழியாக மட்டும் வரவில்லை, ஆள் வழியாகவும் வந்தன. இந்தியாவில் பிறந்த அமெரிக்கரும் டிஸ்னியின் ஓவியருமான கிளேர் வீக்ஸ் 1956-இல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சியளிக்க வந்தார். ஜாதகக் கதையை ஒட்டிய 'தி பனியன் டியர்' 1957-இல் அங்கு உருவாயிற்று. பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் மூத்தவராகப் போற்றப்பட்ட ராம் மோகன் அவரிடம் பயின்றவர். இன்றும் இந்திய அசைவூட்டக் கூடங்களின் பணிமொழியில் ஆங்கிலச் சொற்களே மேலோங்கியிருப்பதற்கு இந்த வழிவரவும் ஒரு காரணம். ஆனால் கடன்சொல் வந்த இடத்தில் தானும் மாறுகிறது: மறு ஒலிப்பதிவைக் குறிக்கும் 'ரீ-ரெக்கார்டிங்' தமிழ்த் திரையுலகில் பின்னணி இசையமைப்பைக் குறிப்பதாகிவிட்டது. ஆகவே மேக்கிங் காட்சிகளில் ஆங்கிலம் கற்கும் தமிழர், தமக்குப் பழகிய பொருளை முதலில் சற்று ஒதுக்கிவைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விட்ட சொல்

மேக்கிங் படம் எல்லாச் சொற்களையும் கற்பிப்பதில்லை. 'தி ரிலக்டன்ட் டிராகன்' வெளிவந்தது 1941 ஜூன் மாதம்; அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 29 அன்று, அதே ஸ்டூடியோவின் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். ஊதிய ஏற்றத்தாழ்வு, தொழிற்சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட்டின் பணிநீக்கம், திரையில் பெயர் இடம்பெறாமை ஆகியவை அவர்களின் குறைகளில் அடங்கும். படத்தில் பெஞ்ச்லிக்கு விளக்கம் சொல்லும் பணியாளர் சிலரின் பாத்திரங்களை ஃபிரான்சஸ் கிஃபோர்டு, ஆலன் லாட் போன்ற நடிகர்களே ஏற்றிருந்தனர். செல்லில் மையிட்டு வண்ணம் தீட்டிய பெண்கள் திரையில் தோன்றிய அளவுக்குப் பெயர்ப்பட்டியலில் தோன்றவில்லை; 1937-இன் 'ஸ்னோ ஒயிட்' படத்திலும் நிலைமை அதுவே.

அவர்கள் கேட்டதன் பெயர் 'கிரெடிட்'. நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, வங்கியில் வரவாகவும் கடையில் கடனாகவும் வழங்கும் இச்சொல், திரையில் இன்னார் இதைச் செய்தார் என்ற ஒப்புதலாகிறது. மூன்றும் ஒருவருக்குச் சேரவேண்டியதைக் குறித்துவைத்தலே. டிராகனும் பெஞ்ச்லியும் விளக்காமல் விட்ட அச்சொல்லைப் பிற்காலப் படங்களின் முடிவில் மேலேறிச் செல்லும் நீண்ட பட்டியல் ஓசையின்றி விளக்குகிறது. இன்பிட்வீனர், ரிக் அமைப்பவர், குதிரை மேய்ப்போரிடமிருந்து பெயர் பெற்ற 'ரேங்ளர்' என்று தொழிலின் சொற்கள் அனைத்தும் அங்கு ஆட்பெயர்களோடு இணைந்து நிற்கின்றன. 'டாய் ஸ்டோரி'யின் பட்டியலில், படம் உருவான காலத்தில் பணியாளர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களும் 'புரொடக்ஷன் பேபீஸ்' என்ற தலைப்பில் இடம்பெற்றன. மேக்கிங் காட்சிகளை முழுவதும் பார்த்துச் சொல் கற்றவருக்கு, அந்தப் பட்டியல் ஓடும்போது எழுந்துபோகத் தோன்றாது. அதன் ஒவ்வொரு வரியும் அவரால் இப்போது படிக்கக்கூடியது.